பின்சேயில் இரண்டு இரவு, இரண்டு கூடாரம்

ஆளுக்கு 900 குரோனர். அதற்குள் பேர்கனிலிருந்து மலைக்குப் போய், ஸ்கி ஓடி, இரண்டு இரவு பனியில் படுத்து, சாப்பிட்டு, மூன்றாம் நாள் திரும்பி வந்துவிட வேண்டும். பங்குனியில் நாங்கள் போட்ட கணக்கு இதுதான். நாங்கள் என்றால் நாலு பேர். இலங்கையின் வெவ்வேறு பல்கலைக்கழகங்களிலிருந்து ஒரு வருடப் பரிமாற்றப் படிப்புக்கு நோர்வே வந்து, பேர்கனில் ஒரே மாணவர் விடுதியின் சமையலறையைப் பங்குபோட்டதால் கூட்டாளிகளானவர்கள். இரண்டு பெடியள், இரண்டு பெட்டையள். ஊர்ப்பெயர்தான் எங்களுக்குள் கூப்பிடும் பெயரும். கிளிநொச்சியும் யாழ்ப்பாணமும் பெடியள். ஹற்றனும் மட்டக்களப்பும் பெட்டையள். இங்கேயும் அப்படியே எழுதுகிறோம்.

ஸ்கி என்றதும் படங்களில் வருவதுபோல லிப்ற்றில் ஏறிச் சரிவில் பாய்ந்து வருவதை நினைக்காதீர்கள். அது காசுள்ளவர்களின் விளையாட்டு. ஒருநாள் லிப்ற் ரிக்கற் விலையைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தையே மூடிவிட்டோம். நோர்வேக்காரர் கூடுதலாகச் செய்வது வேறொன்று. ஒடுங்கிய நீளமான ஸ்கியைக் காலில் மாட்டி, இரண்டு தடியை ஊன்றி, மலைவெளியில் நடக்கிறதும் வழுக்குகிறதுமாகப் போவது. அதற்கு லிப்ற் வேண்டாம், ரிக்கற் வேண்டாம், பனி இருந்தால் போதும். பேர்கன் மழைக்குப் பேர்போன ஊர், அங்கே பனி நிலைக்காது. ஆகவே மூன்று சனிக்கிழமை பஸ் எடுத்து குவாம்ஸ்கூகன் போய்ப் பழகினோம். யாழ்ப்பாணம் விழுந்து விழுந்து பழகினான். மட்டக்களப்புக்குச் சரிவில் நிற்பதற்குத் தெரிந்த ஒரே வழி குந்திவிடுவது. கடைசிவரை அந்த வழியையே வைத்திருந்தாள், ஒரு குறையும் வரவில்லை.

ஸ்கியும் சப்பாத்தும் காசில்லாமல் கிடைத்தன. நோர்வே முழுக்க 'பூவா' என்ற பெயரில் இரவல் நிலையங்கள் இருக்கின்றன. நூலகத்தில் புத்தகம் எடுப்பதுபோல ஸ்கி, தடி, சப்பாத்து எல்லாம் எடுத்துப் பாவித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். எங்கட ஊரில் கிரிக்கெற் மட்டைக்காவது இப்படி ஒன்று இருந்திருக்கக்கூடாதா என்று ஹற்றன் கேட்டாள். கூடாரங்கள் இரண்டும் ஒரு மாணவர் குழுவிடம் இரவல். (வீட்டுக்கு "ரெண்டு ரென்ற்" என்று அழுத்திச் சொன்னோம். அது உண்மையும்தான்.) சிலீப்பிங் பாக்கில்தான் சிக்கல் வந்தது.

பழைய பொருள் விற்கிற கடையில் மலிவாக ஒன்று இருந்தது. வெளியே பெரிய எழுத்தில் மைனஸ் 18 என்று போட்டிருந்தது. உள்ளே சின்னத் துணித்துண்டில் வேறு கதை. ஐரோப்பாவில் விற்கிற இந்தப் பைகளுக்கு மூன்று வெப்பநிலை குறிப்பார்கள். முதலாவது, குளிர் தெரியாமல் நித்திரை கொள்ளலாம் என்பது. இரண்டாவது, சுருண்டு படுத்தால் சமாளிக்கலாம் என்பது. மூன்றாவது, ஆறு மணித்தியாலம் உயிர் தப்பலாம், ஆனால் உடல் விறைத்துப்போகும் ஆபத்து உண்டு என்பது. கடைக்காரர் பெரிதாகக் காட்டுவது மூன்றாவதை. அந்தப் பையின் முதலாவது எண் மைனஸ் 1. நீங்கள் எப்போதாவது வாங்கப்போனால் உள்ளே இருக்கும் துணித்துண்டைப் பாருங்கள்.

இரண்டு மலிவுப் பைகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டால் நல்லதொரு பை ஆகிவிடும். அதைத்தான் செய்தோம். யாழ்ப்பாணத்தின் மாமா 87இல் நோர்வே வந்தவர். அவர் வீட்டு நிலவறையில் மூன்று பை கிடந்தன. மாமி எடுத்துத் தரும்போது, "முப்பத்தைஞ்சு வருசத்துக்கு மேல இஞ்ச இருக்கிறம், ஒருநாளும் பனிக்குள்ள போய்ப் படுக்கேல்ல. வீடு வாடகைக்குக் கிடைக்கேல்லையோ பிள்ளையள்?" என்று கேட்டா. பிறகு ஒரு போத்தல் சீனிச்சம்பலும் தந்துவிட்டா.

கீழே போடுகிற பாய் பையைவிட முக்கியம். உடம்புச் சூட்டைப் பனித்தரை கீழேயிருந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே எவ்வளவு போர்த்தினாலும் அதை மறிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு போம் பாய், ஒன்றின்மேல் ஒன்று. ஒன்றின் விலை இரண்டு கோப்பிக் காசு.

சாப்பாட்டில் கொஞ்சம் பெருமையாகவே எழுதலாம். சோறு சரிவராது. 1200 மீற்றரில் தண்ணீர் 96 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும், அரிசி வேக நேரமெடுக்கும், காஸ் வீணாகும். ரவையை நெய்யில் வறுத்து, கடுகு, செத்தல் மிளகாய், காய்ந்த லீக்ஸ், கச்சான் எல்லாம் கலந்து பைகளில் கட்டினோம். சுடுதண்ணீர் ஊற்றி மூடிவைத்தால் உப்புமா. இனிப்புக்குப் பனங்கட்டி, இஞ்சித் தேத்தண்ணி. கொறிக்கப் புழுக்கொடியல். மற்றவர்கள் கொண்டுவருகிற சொக்லேற் குளிரில் கல்லாகி, பல்லை உடைக்கப் பார்க்கும். புழுக்கொடியல் ஏற்கெனவே கல்தானே. குளிரால் அதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

பேர்கனிலிருந்து பின்சேக்கு ரெயினில் இரண்டரை மணித்தியாலம் போல. 1909இல் திறந்த பேர்கன் பாதையின் ஆக உயரமான நிலையம் அது, 1222 மீற்றர். அங்கே கார்ப் பாதை கிடையாது, ரெயின்தான் வழி. நிலையக் கதவைத் திறந்தால் வெள்ளை. ஒரு ஹொட்டேல், மலையேற்றச் சங்கத்தின் தங்குமடம், சில வீடுகள், உறைந்த ஏரி. தெற்கே ஹார்டாங்கர் பனிமலையின் மொட்டைத் தலை. தென்துருவப் பயணத்துக்கு முதல் சக்கிள்ரன் மோட்டார்ச் சறுக்குவண்டியைச் சோதித்துப் பார்த்தது இங்கேதான். 1979இல் இரண்டாவதாக எடுத்த ஸ்ரார் வோர்ஸ் படத்தின் பனிக்கிரகமும் இதே இடம்தான். ஹொட்டேலில் ஓர் இரவுக்கு ஆளுக்குக் கேட்கும் காசு எங்கட மூன்று நாள் செலவைவிடக் கூட. வாசலில் நின்று படம் எடுத்துவிட்டு நடந்தோம்.

பொருட்களைச் சின்னப்பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிற பிளாஸ்ரிக் தட்டுகளில் கட்டி, கயிற்றை இடுப்பில் கட்டி இழுத்துப் போனோம். ஏற்றத்திலும் சமதரையிலும் சொன்னதைக் கேட்கும். இறக்கத்தில் எங்களை முந்தப் பார்க்கும், குதிக்காலில் வந்து அடிக்கும். வசதியானவர்களிடம் கயிற்றுக்குப் பதிலாக விறைத்த தடிகள் பூட்டிய வண்டி இருந்தது. அந்தத் தடிக்கு ஏன் அவ்வளவு விலை என்பது முதல் இறக்கத்திலேயே விளங்கியது.

நோர்வேயில் 1957இலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. வேலி போடாத, பயிர் செய்யாத வெளி ஆருடைய காணியாக இருந்தாலும் அதில் எவரும் நடக்கலாம், ஸ்கி ஓடலாம், கூடாரம் அடிக்கலாம். ஆக்கள் இருக்கிற வீட்டிலிருந்து 150 மீற்றர் தள்ளி அடிக்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு நாளுக்கு மேல் நிற்பதென்றால் காணிக்காரரைக் கேட்க வேண்டும், உயர்மலையில் அதுவும் தேவையில்லை. கடவுச்சீட்டில் எந்த நாடு என்று ஒருவரும் பார்ப்பதில்லை. எங்களைப்போல மாணவர் விசாவில் வந்தவர்களுக்கும் இது பொருந்தும். இதை வாசித்தபோது யாழ்ப்பாணம் கேப்பாப்புலவைச் சொன்னான். 2017இல் பிலக்குடியிருப்புச் சனம் விமானப்படை முகாம் வாசலில் ஒரு மாதம் இரவு பகலாக இருந்தது தங்கட சொந்தக் காணிக்குள் போவதற்காக. இஞ்சே ஆரோ ஒருவரின் காணிக்குள் நாங்கள் கேட்காமல் படுக்கிறோம்.

ஏரியைத் தாண்டி ஒரு மேட்டின் மறைவில் இடம் பார்த்தோம். பனியில் கூடாரம் அடிக்கிற முறை வேறு. முதலில் ஸ்கியோடு மேலும் கீழும் நடந்து பனியை மிதிக்க வேண்டும். பிறகு அரைமணித்தியாலம் விட்டால் அது தானே இறுகிவிடும். அவசரப்பட்டு அடித்தால் இரவில் முழங்கால் பட்ட இடமெல்லாம் குழி. முளை அடித்தால் நிற்காது. ஸ்கியையும் பனி நிரப்பிய பைகளையும் புதைத்து, கயிற்றை அவற்றில் கட்ட வேண்டும். வாசல் காற்றுக்கு மற்றப் பக்கம் பார்க்க வேண்டும். வாசலுக்குள் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டினால் கதிரையில் இருப்பதுபோல இருந்து சப்பாத்துப் போடலாம், கனமான குளிர்காற்றும் அந்தக் குழிக்குள் இறங்கிவிடும்.

இதையெல்லாம் நாங்கள் கைப்பேசியில் வாசித்து வாசித்துச் செய்துகொண்டிருக்க, கிளிநொச்சி ஒன்றும் வாசிக்காமல் சவளை எடுத்துக் கூடாரத்தைச் சுற்றிக் கான் வெட்டத் தொடங்கினான். ஒரு சாண் அகலம், நேர்கோடு, மூலையில் தண்ணீர் வடிய ஒரு வெட்டு.

"ஏய், இங்க மழ பெய்யாதுப்பா" என்று ஹற்றன் சிரித்தாள். மைனஸ் 9இல் எங்கே தண்ணீர்? அவனும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். பிறகு சொன்னான், "கை தன்ரபாட்டில வெட்டுது."

அவன் 2009இல் பத்து வயது. அம்மா, தங்கச்சி, அவன், செட்டிகுளம் மெனிக்பாம். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சனத்தை முள்ளுக்கம்பிக்குள் வைத்திருந்த இடம். ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று தமிழ்ப் பெரியவர்களின் பெயர்களைப் பிரிவுகளுக்கு வைத்திருந்தார்கள். அந்த ஆவணியில் மழை வந்து கூடாரங்களுக்குள் வெள்ளம் ஏறியபோது கான் வெட்டப் பழகினானாம். பகலில் உள்ளே இருக்க முடியாத வெக்கை. ஒரு கூடாரத்துக்குள் இவர்களோடு முன்பின் தெரியாத இன்னொரு குடும்பம். இதையெல்லாம் அவன் பேர்கனில் எங்களோடு சமைத்துச் சாப்பிட்ட ஏழு மாதத்தில் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போதும் நீளமாகச் சொல்லவில்லை, பனியை வெட்டிக்கொண்டே இரண்டு மூன்று வசனம். அம்மாவுக்கு இந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்லவில்லை என்றும் சொன்னான். "போய்ட்டு வந்து சொல்லுறன். இப்ப சொன்னா, ரென்ற் எண்ட சொல்லிலயே நிண்டிடுவா." கானை நாங்கள் மூடவில்லை. வெட்டிய பனியை எடுத்துக் காற்றுப் பக்கம் மதிலாகக் கட்டினோம்.

முதல் இரவு மைனஸ் 14. காற்றில்லை. பனி உருக்குவது பெரிய வேலை. ஒரு பானை நிறையப் பனி உருகினால் அடியில் கொஞ்சத் தண்ணீர்தான் கிடைக்கும். முதலில் சிறிது தண்ணீர் விடாமல் பனியை மட்டும் போட்டால் பானை அடிப்பிடித்து மணக்கும். காஸிலும் ஒரு விசயம் இருக்கிறது. சாதாரண பியூட்டேன் பூச்சியத்துக்குக் கிட்டவே ஆவியாக மாட்டேன் என்று நிற்கும், புரொப்பேன் மைனஸ் 42 வரை தாக்குப்பிடிக்கும். அதனால் புரொப்பேன் கலந்த குளிர்காலக் கலன்தான் வாங்க வேண்டும். அதையும் சமைக்கும்வரை ஜக்கற்றுக்குள் வைத்துச் சூடாக்கினோம். கூடாரத்தைப் பூட்டிக்கொண்டு உள்ளே அடுப்பு எரிக்கக்கூடாது. அதிலிருந்து வருகிற காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, ஆளைக் கொன்றுவிடும். வாசலைத் திறந்து, குழிக்குள் அடுப்பை வைத்து எரித்தோம்.

படுக்கும்போது சுடுதண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கால்மாட்டில் போட்டால் விடியும்வரை இளஞ்சூடு. காலையில் அதுவே குடிதண்ணீர். கைப்பேசி, தலைவிளக்கு, நாளைக்குப் போடும் காலுறை எல்லாம் பைக்குள். நடுச்சாமத்தில் எழும்பிப் பார்த்தால் எங்கட மூச்செல்லாம் கூடாரத்தின் உட்பக்கம் உறைந்து, தலைவிளக்கில் மினுங்கிக்கொண்டிருந்தது. கை பட்டால் முகத்தில் கொட்டும். நுவரெலியாப் பக்கம் தை மாதத்தில் தேயிலையைக் கருக்குகிற பூப்பனியை ஹற்றன் மட்டும்தான் முதலே பார்த்திருந்தாள். காலையில் அடுத்த கூடாரத்திலிருந்து அவளின் குரல்: "எங்க தாத்தா லயத்துல ஒத்த கம்பளியோட படுத்தாரு. நான் ரெண்டு பைக்குள்ள படுத்தும் வெடவெடன்னு ஆடுறேன்."

இரண்டாம் நாள் பனிமலையின் அடிவாரம்வரை போய் வருவது திட்டம். மலைவெளியில் பாதைக்கு அடையாளமாகப் பேர்ச் மரக்கிளைகளை வரிசையாகப் பனியில் குத்தி வைத்திருப்பார்கள். ஒரு மணித்தியாலம் அருமையாகப் போனது. வெயில், நீலவானம், மட்டக்களப்பு குந்தாமலே ஓர் இறக்கத்தை முடித்தாள். பிறகு காற்று வந்தது. தரையில் கிடந்த பனி முழங்கால் உயரத்தில் ஓடத் தொடங்கியது, பார்க்க வடிவாகவும் இருந்தது. கொஞ்ச நேரத்தில் இடுப்பளவு. முன்னால் ஆறு கிளை தெரிந்த இடத்தில் மூன்று. பிறகு இரண்டு.

நோர்வேயில் மலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்பது விதிகள் உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் பாடம். எட்டாவது விதி, நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை என்பது. சொல்ல லேசு. ஆனால் கணக்குப் பார்த்துச் செலவழிக்கிறவர்களுக்கு வெட்கத்தைவிடப் பெரிய பிரச்சினை காசு. வசதியானவர் அடுத்த கிழமை திரும்பி வருவார். எங்களுக்கு இந்த மலிவு ரிக்கற் மாற்றவும் முடியாது, காசு திரும்பவும் வராது. ஆனியில் ஊருக்குப் போய்விடுவோம். "இவ்வளவு தூரம் வந்திட்டம், இன்னும் அரைமணித்தியாலம்தானே" என்று யாழ்ப்பாணம் சொன்னதில் பிழையில்லை, எல்லார் மனதிலும் அதுதான் ஓடியது. மலிவுப் பயணத்தில் பழைய பையும் இரவல் ஸ்கியும் அவ்வளவு ஆபத்தில்லை என்று நினைக்கிறோம். கொடுத்த காசுக்குப் பார்த்துவிட வேண்டும் என்ற அந்த எண்ணம்தான் ஆபத்து.

நின்று கதைத்தோம். கதைக்கும்போதே ஒரு கிளைதான் தெரிந்தது.

"நான் திரும்புறன் கா. நீங்க வந்தா வாங்க, வராட்டியும் நான் உங்கள விட்டுட்டுப் போகமாட்டன், இதுலயே குந்திருவன்" என்றாள் மட்டக்களப்பு. அவள் குந்தினால் எழுப்புவது கஷ்டம் என்று தெரியும். திரும்பினோம். எதிரே வந்த வயதான நோர்வேச் சோடி ஒன்று எங்களைக் கண்டு நின்று, வானத்தைப் பார்த்து, அவர்களும் ஸ்கியைத் திருப்பினார்கள். ஏரிவரை அவர்களின் சிவப்புப் பையைப் பார்த்தே வந்தோம்.

900 குரோனருக்கு வெளியே ஒரு கடித உறையில் வேறு காசு வைத்திருந்தோம். தங்குமடத்துக்கு ஓர் இரவுக் கட்டணம், நாலு பேருக்கும். காற்று கூடாரத்தை வளைத்தால் அல்லது எவருக்காவது கால்விரல் மரத்தால், கேள்வியில்லாமல் அங்கே போவது என்று பேர்கனிலேயே முடிவெடுத்தது. பின்னேரம் முழுக்க உறையைப் பார்ப்பதும் காற்றைக் கேட்பதுமாக இருந்தோம். இருட்டும்போது கொஞ்சம் தணிந்தது. மதிலை இன்னும் ஒரு முழம் உயர்த்திவிட்டுப் படுத்தோம்.

இரவு பதினொரு மணிபோல யாழ்ப்பாணம் கண்விழிக்க, கிளிநொச்சி எழும்பி இருந்தான்.

"குளிருதோடா?"

"இல்ல. உந்தச் சத்தம்."

கூடாரத் துணி காற்றில் அடிக்கிற சத்தம். படபடவென்று, நின்று, திரும்பவும் படபடவென்று. எங்களுக்கு அது காற்று. அவன் சப்பாத்தைப் போட்டு, வாசல் சிப்பை இழுத்து வெளியே போனான். யாழ்ப்பாணமும் பின்னால் போனான். சிப் சத்தத்துக்கு அடுத்த கூடாரம் "ஆரு?" என்றது. கடைசியில் நாலு பேரும் ஜக்கற்றும் காலுமாக வெளியே நின்றோம். மேகம் கலைந்து நிலவு வந்திருந்தது. ஏரிக்கு அங்கால நிலைய வெளிச்சம் துலக்கமாகத் தெரிந்தது.

"அங்க ராவில வெளிக்குப் போறதெண்டாலும் அம்மா விடமாட்டா. விடியுமட்டும் அடக்கிக்கொண்டு கிடக்கிறது" என்றான். பிறகு தலைவிளக்கை நிறுத்திவிட்டு ஏரிப் பக்கம் நடக்கத் தொடங்கினான். கூப்பிடலாமா என்று பார்த்தோம், ஆள் நன்றாகத் தெரிந்தது, விட்டுவிட்டோம். இருநூறு அடி போயிருப்பான். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். திரும்பி வந்தான்.

"ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்ல" என்று சொன்னான். பகிடியாகச் சொன்னானா இல்லையா என்று தெரியவில்லை. மட்டக்களப்பு அடுப்பை மூட்டினாள். இருந்த கடைசிப் பனங்கட்டியை நாலாக உடைத்து இஞ்சித் தேத்தண்ணி குடித்தோம். பிறகு அவன் காலை எட்டு மணிவரை குறட்டை விட்டதற்கு யாழ்ப்பாணம் சாட்சி.

மூன்றாம் நாள் பெரிதாக ஒன்றுமில்லை. புதைத்த ஸ்கி பனியோடு இறுகி, சவளால் வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. மதிலை இடித்துக் கானை நிரப்பினோம். ரெயினில் ஏறியதும் எங்கட உடுப்பிலிருந்து ஆவி பறந்தது, பக்கத்து ஆக்கள் மரியாதையாக யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கணக்குப் பார்த்தால் ஆளுக்கு 870 குரோனர், உறை பிரிக்கப்படவில்லை.

கூடாரங்களை விடுதி நடைபாதையில் இரண்டு நாள் விரித்துக் காயவிட்டோம். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடித்துவிடும், இரவல் பொருள். இரண்டாம் நாள் கிளிநொச்சி அதற்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துகொண்டு அம்மாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தான். கூடாரத்தைக் காட்டினான். அங்கால கொஞ்ச நேரம் சத்தமில்லை. ஏசப்போகிறா என்று நாங்கள் சமையலறைக் கதவடியில் நின்றோம்.

"வாசல் எந்தப் பக்கம் வச்சனி?" என்று அம்மா கேட்டா.

"காத்துக்கு மற்றப் பக்கம் அம்மா."

"கான் வெட்டினியோ?"

"வெட்டினன்."

"உந்தத் துணி மொத்தமாக் கிடக்கு. எங்கடதவிட நல்லது" என்றா அம்மா. பிறகு அது என்ன விலை, கழுவலாமோ, பனி எப்படி மணக்கும், பக்கத்தில் நிற்கிற பிள்ளைகள் ஆர், என்ன சாப்பிட்டீர்கள் என்று அரை மணித்தியாலம் போனது. ரவைக்குள் லீக்ஸ் போட்டது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.